அப்பா தவறிட்டதை 6 வயசு பையன்கிட்ட எப்படி சொல்றது?

திண்டுக்கல்_சித்தி:
அக்கா வீட்டுக்காரர் போன மாசம் பைக் ஆக்சிடென்ட்ல தவறிட்டார். பையன் ஒன்னாங்கிளாஸ். எடுத்த அன்னிக்கு அவனை பக்கத்து வீட்டுல விட்டுட்டு, அப்பா துபாய்க்கு வேலைக்கு போயிருக்கார்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. இப்ப தினமும் வீடியோ கால் போடுன்னு அழறான், தெருவுல பல்சர் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுறான், ரெண்டு வருஷமா இல்லாம இருந்தது இப்ப படுக்கையிலயே மூத்திரம் போறான். அக்கா பேச்சே இல்லாம உக்காந்திருக்கா. சொல்லிடலாமா, இல்ல கொஞ்சம் வளரட்டுமா?

மழைத்துளி:
சொல்லிடுங்க. எனக்கு 7 வயசுல அப்பா ஆஸ்பத்திரில இருக்கார்னே ஓட்டினாங்க. அரைப் பரீட்சை சமயம் ஸ்கூல் பம்படியில தண்ணி குடிக்கும்போது ஒரு பொண்ணு "உங்கப்பா செத்துட்டாராமே"ன்னு கேட்டா. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேக்கவே இல்ல, அம்மாவும் சேந்து பொய் சொன்னாங்கன்னு ரொம்ப நாள் கோவம். தூங்குறார்னு மட்டும் சொல்லாதீங்க, அப்புறம் தூங்கவே பயப்படுவான்.

வேப்பமரம்62:
பிஞ்சு மனசும்மா, தாங்காது. வருஷம் திரும்பட்டும், தானா புரிஞ்சுக்குவான்.

மழைத்துளி:
ஐயா தப்பா நினைக்காதீங்க, ஏதோ சரியில்லன்னு அவனுக்கு தெரிஞ்சதாலதானே படுக்கை நனையுது.

சாக்பீஸ்_டீச்சர்:
அக்காவே சொல்றது நல்லது, நீங்க பக்கத்துல இருங்க. "அப்பாவுக்கு பலமா அடிபட்டுருச்சு, டாக்டரால காப்பாத்த முடியல, செத்துட்டார், இனிமே வரமாட்டார்"னு சின்ன வார்த்தையில. துபாய்னு சொன்னது தப்பு, எங்களுக்கு சொல்ல தெரியலன்னும் ஒத்துக்கங்க. இந்த வயசுல செத்தா திரும்ப வரமாட்டாங்கங்கறது முழுசா பிடிபடாது, நாளைக்கே "எப்ப வருவார்"னு கேப்பான், சலிச்சுக்காம அதே பதிலை சொல்லுங்க. தான் சேட்டை பண்ணதாலதான்னு சில பிள்ளைங்க உள்ளுக்குள்ள நினைச்சுக்கும், உன்னால இல்லன்னு வாய்விட்டே சொல்லணும். கிளாஸ் டீச்சர்கிட்டயும் சொல்லி வைங்க. என் கிளாஸ்ல இப்படி ஒருத்தன் குடும்பப் படம் வரையச் சொன்னதும் பேப்பரை கிழிச்சுட்டான், விஷயமே எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

காசு விஷயமும் பாருங்க, துக்கத்துல இதை விட்டுடுவாங்க. அரசுப் பள்ளி, எய்டட் பள்ளி பிள்ளைங்களுக்கு, சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்தா 75,000 ரூபா உதவி உண்டு, எச்எம் மூலமா போகணும். அதுபோக கலெக்டர் ஆபீஸ் மூலமா மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல ஸ்பான்சர்ஷிப்னு மாசம் 4,000, ஆனா வருமான வரம்பு உண்டு, கிராமத்துல வருஷம் 72,000, டவுன்ல 96,000. அக்காவுக்கு மனசு ரொம்ப முடியலன்னா 14416, டெலி மானஸ்னு அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

திண்டுக்கல்_சித்தி:
ஞாயித்துக்கிழமை அக்காவே சொல்லிட்டா, பாதியில உடைஞ்சுட்டா, மீதியை நான் சொன்னேன். அழுவான்னு நினைச்சோம், அவன் "அப்ப அப்பா ஹெல்மெட் யாருக்கு"ன்னு கேட்டான். ராத்திரி அதை தலைமாட்டுல வச்சுட்டு படுத்தான், நாங்க எடுக்கல. படுக்கை இன்னும் நனையுது. நேத்து பல்சர் சத்தத்துக்கு மறுபடி ஓடினான், பாதி வாசல்ல நின்னு திரும்பி வந்துட்டான்.
டீச்சர், எங்களது எய்டட் ஸ்கூல்தான். எச்எம் எஃப்ஐஆர் காப்பி கேக்குறாங்க, நாளைக்கு ஸ்டேஷன் போறேன்.