அல்சூர் புங்க மரத்தடியில் மூன்று மூச்சு

போன வருஷம் எனக்குத் தூக்கமே போய்விட்டது. வேலையில் நெருக்கடி, அம்மாவுக்கு ஆபரேஷன், எல்லாம் ஒரே சமயத்தில். மனநல ஆலோசகர் சின்னதாக ஒரு மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி கொடுத்தார். தினமும் அழகாகத் தெரிகிற ஒன்றின் முன்னால் நின்று, மூன்று மூச்சு வரைக்கும் அதை மட்டும் பார்க்க வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது.

முதல் வாரம் அழகைத் தேடி அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெங்களூரின் லால்பாக் தோட்டத்துக்குப் போய், 300 கோடி ஆண்டுப் பழைய அந்தப் பாறைமேல் நின்றும் மனசு ஆபீஸ் மெயிலைத்தான் சுற்றியது.

அப்புறம் ஏப்ரலில் ஒரு காலை, அல்சூரில் மெட்ரோவுக்கு நடக்கும்போது, புங்க மரத்தடி முழுக்கப் பொரி கொட்டினதுபோல் பூ. தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். "இதை விட்டுட்டீங்களேக்கா?" என்றேன்.

"இந்த மரத்தடிய கடைசியிலதான் பெருக்குவேன் சார். காலுக்கு மெத்துனு இருக்கும். எப்படியும் சாயந்திரத்துக்குள்ள திரும்பப் பாய் விரிச்சிடும்."

குனிந்து ஒரு பூவை எடுத்தேன். அவரைப்பூ சாயல். வெளுத்த ஊதா இதழ், அடியில் பழுப்பேறிய சின்னக் கிண்ணம். அண்ணாந்தால் மரமெங்கும் தேனீக்கள். இரண்டு வருஷமாக அந்த ரீங்காரத்தைப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் சத்தம் என்றே நினைத்திருந்தேன்! மூச்சை எண்ணவே மறந்துபோனது.

அன்றிலிருந்து நான் தேடுவதில்லை. அதே மரம், தினமும். பூ முடிந்து காய் பிடித்ததையும் பார்த்தேன். தூக்கம் உடனே வந்துவிடவில்லை, மருந்தும் எடுத்தேன். ஆனால் காலையில் நெஞ்சை அடைக்கிற படபடப்பு அந்த மரத்தடியில் கொஞ்சம் இறங்கியது.

இந்த ஊரில் இதற்கு ஒரு கொடுப்பினையும் இருக்கிறது. 1908இல் லால்பாக் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் இன்னொன்று தொடங்குகிற மாதிரி சாலை மரங்களைத் தேர்ந்து வைத்தார். தபெபூயா, அப்புறம் ஜகரண்டா, அப்புறம் குல்மொஹர். பஸ்ஸில் உட்கார்ந்தே பார்க்கலாம். உங்களுக்கு இப்படி ஏதாவது வாய்த்ததா?

மல்லேஸ்வரத்திலிருந்து:
எனக்குப் பூக்காரம்மாவின் கை. எட்டாவது கிராஸில் மல்லிகை வாங்கும்போது சில்லறை தேடுவேன், போனைப் பார்ப்பேன். ஒருநாள் போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர் முழம் போடுவதை அன்றுதான் பார்த்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரம் வழுக்கிப் போகிறது, ஒரு மொட்டு நசுங்கவில்லை. அளந்த பிறகு ஒரு விரற்கடை கூட விட்டுத்தான் நறுக்குகிறார். இத்தனை வருஷமும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார் போல. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். "அதுக்காகத்தாம்மா நான் அவகிட்டயே வாங்கறேன்" என்றார்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து:
நைட் ஷிஃப்ட் ஆள் நான். பகலில் தூங்குவதால் பூ, மரம் எதுவும் கண்ணில் படுவதில்லை. இதைப் படித்துவிட்டு இன்று காலை ஐந்தரைக்கு டீக்கடையில் முயற்சி செய்தேன். மாஸ்டர் ஆற்றும்போது மேலிருந்து இறங்கும் டீ, பின்னால் எரிந்த டியூப்லைட்டில் தேன் நிறமாகத் தெரிந்தது. ஒரு மூச்சுதான் நிற்க முடிந்தது, கேப் வந்துவிட்டது. நாளைக்கும் டீ அங்கேதான்.