சப்வெர்ஷன் சேவையகத்தோடு கிட் பயன்படுத்தும்போது ஒரே கமிட் இருமுறை தோன்றுவது ஏன்?

மரக்கிளை கேட்டது:

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் மூலநிரல் முழுவதும் சப்வெர்ஷன் (மாற்றங்களை மையச் சேவையகத்தில் எண்ணிட்டுச் சேமிக்கும் மென்பொருள்) களஞ்சியத்தில் இருக்கிறது. பிழைப் பதிவுகளும் வெளியீட்டுக் குறிப்புகளும் அதன் திருத்த எண்களையே சார்ந்திருப்பதால், அதை இப்போதைக்கு மாற்ற இயலாது என்று மேலாளர்கள் கூறிவிட்டார்கள். ஆகவே நானும் உடன் பணிபுரியும் ஒருவரும் கிட்டைச் சப்வெர்ஷனோடு இணைக்கும் கருவியின் 'கிட் எஸ்விஎன் குளோன்' கட்டளையால் நகலெடுத்து, எங்கள் கணினிகளில் மட்டும் கிட் (இதுவும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருளே) பயன்படுத்துகிறோம். தனித்தனியாக வேலை செய்யும்வரை சிக்கல் இல்லை. ஆனால் அவர் என் கிளையை என்னிடமிருந்து நேரடியாக எடுத்து அதன்மேல் வேலையைத் தொடர்ந்திருக்கும் நிலையில் நான் 'டிகமிட்' (சேவையகத்துக்கு அனுப்பும் கட்டளை) கொடுத்தால், பிறகு அவர் டிரங்கை (முதன்மைக் கிளையை) தம் கிளையோடு மெர்ஜ் செய்யும்போது, அதாவது இணைக்கும்போது, ஒரே மாற்றம் வரலாற்றில் இரண்டு கமிட்டுகளாக (பதிவுகளாக) நிற்கிறது. காரணம் என்ன? கிளைகளை மெர்ஜ் செய்த நிலையிலேயே சேவையகத்துக்கு அனுப்பலாமா?

பழையசேவையகம்:

கிட்டில் ஒரு கமிட்டின் ஹாஷ் (அடையாளக் குறியீடு) என்பது அதன் உள்ளடக்கம், பெற்றோர் கமிட், ஆசிரியர், நேரம், செய்தி ஆகிய அனைத்திலிருந்தும் கணக்கிடப்படுவது. நீங்கள் டிகமிட் கொடுக்கும்போது ஒவ்வொரு கமிட்டும் தனித்தனித் திருத்தமாகச் சேவையகத்துக்குப் போய், அங்கிருந்து மீண்டும் உங்களிடம் இறக்கப்படுகிறது. அப்படி இறங்குவது சேவையகம் இட்ட நேரத்தோடும், செய்தியின் இறுதியில் 'கிட்-எஸ்விஎன்-ஐடி' என்ற வரியோடும் வருவதால், கிட்டின் கணக்கில் அது வேறொரு கமிட். உங்கள் கிளை புதியதற்கு மாறிக்கொள்ளும். நண்பரிடம் இருப்பதோ பழையது. அவர் மெர்ஜ் செய்யும்போது இரண்டும் சேர்ந்துவிடுகின்றன.

அவர் மெர்ஜுக்குப் பதிலாக 'கிட் எஸ்விஎன் ரீபேஸ்' செய்தால் (தம் கமிட்டுகளைச் சேவையகத்தின் புதிய நிலையின்மேல் மீண்டும் அடுக்கினால்), மாற்றம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் கமிட்டுகளைக் கிட் தானே விட்டுவிடும். நீங்கள் அனுப்புவதற்கு முன் அந்த மாற்றத்தைத் திருத்தியிருந்தால் மட்டும் முரண்பாடு எழலாம். அப்போது 'ரீபேஸ் ஆன்டு' கொடுத்து, அவருடைய சொந்தக் கமிட்டுகளை மட்டும் பெயர்த்து வைக்க வேண்டும். இருப்பினும் கிட் எஸ்விஎன் என்னும் இந்தப் பாலத்தை ஒருவர் தம் கணினியில் வைத்துக்கொள்ளும் கருவியாகக் கருதுவதே சரி என்பது என் கருத்து. அதன் கையேடும், கிட் களஞ்சியங்களுக்கிடையே நேரடியாகப் பரிமாறிக்கொள்வதைத் தவிர்த்து, மாற்றங்களை 'ஃபார்மட்-பேட்ச்' வழியாகக் கோப்புகளாக எடுத்து 'ஏஎம்' வழியாகச் சேர்க்கவே பரிந்துரைக்கிறது.

மெர்ஜ் கமிட்டை அனுப்பலாம். ஆனால் சேவையகத்தில் அது ஒற்றைத் திருத்தமாகத்தான் பதியும். மற்றவர்கள் குளோன் செய்தால் இரண்டாவது பெற்றோர் இருந்த தடயமே தெரியாது. சப்வெர்ஷன் 2008இல் வெளிவந்த 1.5 பதிப்பிலிருந்து மெர்ஜ் விவரங்களைத் தனிப் பண்பாகக் குறித்துவைத்தாலும், கிட் எஸ்விஎன் அதை இயல்பாக நிரப்புவதில்லை.

தொடர்வரலாறு:

மெர்ஜ் பற்றி மேலே கூறியதோடு, அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிகமிட் எந்தக் கிளைக்குப் போகும் என்பதை உங்கள் கிளையின் பெயர் தீர்மானிப்பதில்லை. முதல் பெற்றோர் வழியே பின்னோக்கிச் சென்றால் முதலில் கிடைக்கும் கிட்-எஸ்விஎன்-ஐடி வரிதான் தீர்மானிக்கிறது. நீங்கள் டிரங்கில் நின்றுகொண்டு வெளியீட்டுக் கிளை ஒன்றை மெர்ஜ் செய்ய, அது ஃபாஸ்ட்-ஃபார்வர்டாக (புதிய மெர்ஜ் கமிட் உருவாகாமல்) முடிந்துவிட்டால், டிரங்கின் பெயரில் நீங்கள் அடுத்துச் செய்யும் கமிட்டுகள் சத்தமில்லாமல் வெளியீட்டுக் கிளைக்குப் போய்ச் சேரும். இத்தகைய மெர்ஜில் 'நோ-எஃப்எஃப்' தெரிவைக் கட்டாயம் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன் 'டிகமிட் டிரை-ரன்' (உண்மையில் அனுப்பாத ஒத்திகை) ஓட்டி, அது காட்டும் முகவரியைப் பாருங்கள்.

நண்பரின் கமிட்டை நீங்கள் அனுப்பினால் சப்வெர்ஷனில் உங்கள் பயனர் பெயர்தான் பதியும் என்பதையும் கவனிக்கவும். யார் எழுதினார் என்பது உங்களுக்கு முக்கியம் என்றால், 'ஆட்-ஆதர்-ஃப்ரம்' தெரிவு செய்தியின் அடியில் உண்மையான ஆசிரியரின் பெயரைச் சேர்த்துவிடும்.

மரக்கிளை:

இருவருக்கும் நன்றி. டிரை-ரன் காட்டிய முகவரி சரியாகவே இருந்தது. இனி எங்களுக்குள் பேட்ச் கோப்புகளையே அனுப்பிக்கொள்கிறோம். மற்றொரு ஐயம்: பின்னாளில் முழுமையாகக் கிட்டுக்கு மாறினால் பழைய திருத்த எண்கள் தொலைந்துவிடும் என்ற மேலாளர்களின் அச்சம் நியாயமானதா?

பழையசேவையகம்:

நியாயமான கவலைதான், ஆனால் மாறாமலிருக்க அது போதிய காரணமாகாது. எல்எல்விஎம் என்னும் கம்பைலர் திட்டம் 2019 அக்டோபரில் சப்வெர்ஷனிலிருந்து கிட்ஹப்புக்கு (கிட் களஞ்சியங்களுக்கான இணையதளம்) மாறியபோது, ஒவ்வொரு பழைய கமிட்டின் செய்தியிலும் அதன் சப்வெர்ஷன் எண்ணை ஒரு வரியாகச் சேர்த்தே கொண்டுவந்தார்கள். அதனால் பழைய பிழைப் பதிவில் உள்ள எண்ணை 'கிட் லாக் கிரெப்' கொண்டு தேடினால், உரிய கமிட் இன்றும் கிடைக்கும்.

நீங்கள் மாறும் நாள் வந்தால், இப்போது வேலை செய்யும் நகலையே புதிய களஞ்சியமாக ஆக்கிவிடாதீர்கள். எல்லாச் சப்வெர்ஷன் பயனர் பெயர்களையும் உரியவரின் பெயர், மின்னஞ்சலோடு பொருத்தும் ஆசிரியர் கோப்பைத் தயாரித்து, புதிதாக ஒருமுறை முழுவதும் இறக்குமதி செய்யுங்கள். எக்ஸ்டர்னல்ஸ் என்ற சப்வெர்ஷன் பண்பால் வேறிடத்திலிருந்து இணைக்கப்பட்ட அடைவுகளைக் கிட் எஸ்விஎன் எடுத்துவராது. களஞ்சியத்தில் அப்படி ஏதேனும் உள்ளதா என்பதை அதற்கு முன்பே தேடிப் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள்.