அனல்மின் நிலையத்து நிலக்கரி, சாம்பல்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்க

மேச்சேரிக்காரன்
ஆடிக் காத்து நேரம், கல்யாணத்துக்குப் போகிற வழி. ஓமலூர் ரோட்டில் மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். தார்ப்பாயில் ஒரு மூலை கிழிந்து படபடவென்று அடிக்கிறது. வேகத்தடையில் லாரி ஏறி இறங்கியதும் பொத்தென்று ஒரு மூட்டம், ரோடே தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் அரக்குப் பட்டு விபூதியில் புரட்டி எடுத்த மாதிரி ஆகிவிட்டது. மண்டபத்து வாசலில் அத்தை, "சூளைக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்றார். அம்மா இன்றுவரை அத்தையோடு சரியாகப் பேசுவதில்லை.

ஓமலூர் கேட்
எனக்குக் கரி ரேக், அதாவது கரி ஏற்றி வருகிற சரக்கு ரயில். ரயில்வே கேட் மூடியிருந்தது. நம்ம ஊரில் மழையே இல்லை, ஆனால் வேகன்களுக்கு அடியில் கறுப்புத் தண்ணி சொட்டிக்கொண்டே போகிறது. பக்கத்தில் மொபெட்டில் நின்ற ரிட்டையர்டு ரயில்வே கார்டு ஒருவர், "வர்ற வழியில நனைஞ்சதுங்க" என்றார். ஒடிசாவில் தால்சேர் பக்கம் தோண்டி, பாரதீப் வரை ரயில், எண்ணூர் வரை கப்பல், அங்கிருந்து மேட்டூருக்கு மறுபடி ரயில். ஏற்றி இறக்குகிற இடத்திலெல்லாம் தூசி. அதோடு, நனைந்த கரியைக் கொதிகலனில் போட்டால் அந்தத் தண்ணியை ஆவியாக்கவே கொஞ்சம் சூடு போய்விடுமாம். ஒரு ரேக்கில் 3,500 டன்னுக்கு மேல் வரும். அதில் எத்தனை டன் தண்ணியோ என்றுதான் இப்போதும் கேட்டில் நிற்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

வீராணத்தார்
மேச்சேரி தம்பி, தார்ப்பாயைத் திட்டுங்க, சாம்பலைத் திட்டாதீங்க. நான் வீடு கட்டினதே சாம்பலில் செய்த செங்கல்லில்தான். கொத்தனார் முதல் நாள் கல்லைக் கையில் வாங்கி, "இது நிக்காதுங்க" என்று கீழே போட்டார். உடையவில்லை. என் கதை அவ்வளவுதான்.

கட்டப் போகிறவர்கள் கேட்டுக்கோங்க. சூளைக் கல்லுக்கு மேல்மண்ணும் வேணும், விறகோ கரியோ எரிக்கவும் வேணும். இதற்குச் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம், கிரஷர் தூள் போதும். சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் போடுகிறவர்களும் உண்டு. அழுத்தி எடுத்துத் தண்ணி விட்டுப் பதப்படுத்தினால் சரி, சுட வேண்டியதில்லை. ஆனால் சரியாகப் பதப்படாத கல்லையும் அவசரத்துக்கு வித்துவிடுவார்கள், ஏமாறாதீங்க. ரெண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீர்னு கேட்கணும். காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணியில் ஊறவிட்டு மறுபடி போடுங்க. 3 கிலோ கல் 3.6 கிலோவுக்கு மேல் போனால் வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுங்க. பூசுவதற்கு முன் சுவரை நனைக்கணும், இல்லாட்டி பூச்சு பிடிக்காது.

ஏற்காட்டு மிளகு
அண்ணே, கல் நல்ல கல்தான். ஆனால் சாம்பல் இருக்கிறதாலே கரி நல்லதாகிடுமா? நம்ம நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். ஒரு யூனிட் கரண்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரி எரியும், கால் கிலோ சாம்பல் மிஞ்சும், கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு மேலே போகும். கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகிறது. அந்த வாயுவை எந்த அச்சில் போட்டு அழுத்துவீங்க?

ஏற்காட்டில் மலை விளிம்பில் இருக்கிற லேடீஸ் சீட் தொலைநோக்கியில் அக்கா மகளுக்கு மேட்டூர் காட்டிக்கொண்டிருந்தேன். வானம் தெளிவாக இருந்த நாள். பெரிய குளிர்விக்கும் கோபுரங்கள், மேலே வெள்ளையாக ஒரு மேகம். "அந்தப் புகைதான் கெட்டதா மாமா?" என்றாள். அது வெறும் நீராவி. கெட்டது பக்கத்துப் புகைபோக்கியில் போகிறது, பாதி கண்ணுக்கே தெரியாது. தெரியாததை எப்படிக் காட்டுவது? காசு முடிந்து தொலைநோக்கி மூடிக்கொண்டது, தப்பித்தேன்.

சூரமங்கலம்
மச்சான் வீட்டு மொட்டை மாடியில் சோலார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தகட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே மாமனார் கேட்டார்: "இதைச் செய்யறதுக்கும் கரிதானே எரிச்சிருப்பான்?" நியாயமான கேள்வி, மேலே எழுதின யாரும் தொடவில்லை. தோண்டுவதில் தொடங்கிக் கழித்துக் கட்டுவது வரை எல்லாம் சேர்த்து ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2014 அறிக்கையில் உலக அளவில் போட்ட நடுக்கணக்கு: கரியமில வாயுக் கணக்கில் கரிக்கு யூனிட்டுக்கு 820 கிராம், கூரை சோலாருக்கு 41. கரி எரித்துச் செய்த தகடும் அதில் அடக்கம். சொன்னேன். "அப்ப ராத்திரிக்கு?" என்றார். பேட்டரி விலையைச் சொல்லவில்லை, மாமனார் தகட்டைக் கீழே விட்டுவிடுவாரோ என்று பயம்.

வீராணத்தார் அண்ணே, கல்லை எடை போட தராசுக்கு எங்கே போவது?

வீராணத்தார்
பழைய பேப்பர் கடைத் தராசு போதும் தம்பி. சொட்டுகிற தண்ணியைத் துடைத்துவிட்டு வைங்க, இல்லாட்டி கணக்குத் தப்பும்.