புதுப்பிப்பு: மகளின் ஆடை வடிவமைப்புப் படிப்பு

உயர்தரம் முடித்த மகள் ஆடை வடிவமைப்பை யாழ்ப்பாணத்திலேயே கற்கலாமா, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் உளச்சார்புப் பரீட்சைக்கு (துறைக்கான இயல்பான திறனைச் சோதிக்கும் தேர்வு) ஆயத்தமாக வேண்டுமா என்று முன்னர் கேட்டிருந்தேன். தொழிலகங்களோடு இணைந்து செயற்றிட்டம் செய்விக்கும் பாடநெறியே நல்லது என்ற உங்கள் அறிவுரைப்படி, இங்குள்ள ஒன்றில் சேர்த்தோம்.

முதற் செயற்றிட்டமாக, கைத்தறி நெசவுக்கூடமொன்றுக்காகச் சிறுமியர் சட்டை வரைந்தாள்; படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தறித்துணியின் அகலம் குறைவு என்பதையும், கழுவினால் சுருங்கும் என்பதையும் கணக்கிடாமல் வெட்டுப்படிவம் (துணியை வெட்டுவதற்கான அளவு வரைபடம்) தயாரித்ததால், மேற்பார்வையாளர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். துணியை நனைத்து உலர்த்தி மீள அளந்து, கீழ்ப்பகுதியை நான்கு துண்டுகளாகப் பிரித்த பின்னரே மாதிரி ஏற்கப்பட்டது. (இடையில் இரண்டு நாள் வீட்டில் எவரோடும் பேச்சில்லை.)

கட்டணத்தில் துணிச்செலவு அடங்காது என்பதை முன்கூட்டியே கேட்டறியாதது என் தவறு. மொறட்டுவை எண்ணத்தையும் நாங்கள் கைவிடவில்லை.