பழைய மாருதி ஆம்னி: இருக்கைக்கு அடியிலிருந்து வரும் சத்தத்தையும் சூட்டையும் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: உடுமலைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2004-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஆம்னி, பெட்ரோல் வண்டி. இன்ஜினில் குறை எதுவும் இல்லை. மாதம் இருமுறை அம்மாவை உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வழியாகக் கோவைக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். அம்மாவுக்குக் காது சற்று மந்தம் என்பதால், வேகம் 60-ஐத் தாண்டியதும் பின்னிருக்கையில் இருக்கும் அவரிடம் நான் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் முன்னிருக்கைக்கு அடியிலிருந்து எழும் சூடு வேறு தாங்க முடியவில்லை. தரை, கதவு, கூரை என வண்டி முழுவதும் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டித் தர ஒரு கடையில் 22,000 ரூபாய் கேட்கிறார்கள். இந்த வயதில் இருக்கும் வண்டிக்கு இவ்வளவு செலவு தகுமா? நானே செய்வதென்றால் எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில் 1: மூன்று சிலிண்டர்

நானும் ஆம்னி வைத்திருக்கிறேன். இதே வேலையை இரண்டு வார இறுதிகளில் வீட்டு வாசலிலேயே செய்து முடித்தேன். ஷீட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் பத்து நிமிடச் சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். ஆம்னியின் 796 சிசி இன்ஜின் முன்னிருக்கைகளுக்கு நேர் அடியில் இருக்கிறது. அதற்கும் நமக்கும் இடையில் இருப்பவை இருக்கையைத் தாங்கும் மூடியும் அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கும் மட்டுமே. ஒரு தாளை விளிம்பில் வைத்து மூடியை அழுத்திப் பூட்டிவிட்டுத் தாளை மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் தாள் வெளியே வந்துவிட்டால், அந்த இடத்தின் வழியாகத்தான் சத்தமும் சூடும் உள்ளே நுழைகின்றன. என் வண்டியில் நான்கு பக்கங்களில் மூன்றில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது; ரப்பர் கருவாட்டைப் போல விறைத்திருந்தது. பீடிங்கை மாற்றி, கேபிள்களும் ஒயர்களும் நுழையும் துளைகளில் இற்றுப்போன ரப்பர் குரோமெட்டுகளையும் மாற்றியதிலேயே பாதி வித்தியாசம் தெரிந்துவிட்டது. சின்னச் சந்து ஒன்று திறந்திருந்தால், மற்ற இடங்களில் எவ்வளவு கனமான பொருளை ஒட்டினாலும் பயன் குறைவு.

அடுத்தது பொருள்களைப் பற்றியது. கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்றாலும் இவற்றின் வேலைகள் வெவ்வேறானவை. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர்) ஷீட், தகடு அதிர்வதைத்தான் அடக்கும். கதவின் வெளித்தகட்டை விரல் கணுவால் தட்டினால் ‘டங்’ என்று ஒலிப்பது, ஷீட் ஒட்டிய பின் ‘டொக்’ என்று அடங்கிவிடும். இதற்குத் தகட்டின் பரப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, நடுப்பகுதியில் ஒட்டினால் போதும். மூலை முடுக்கெல்லாம் ஒட்டுவதால் எடையும் கடைக்காரரின் வருமானமும் கூடுமே தவிர, பலன் அதே அளவில் கூடாது. காற்று வழியாக வரும் இன்ஜின் இரைச்சலைத் தடுக்கக் கனம் வேண்டும். சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடையுள்ள கனத்த வினைல் விரிப்பை இடைவெளியின்றி, அடியில் மெல்லிய ஃபோம் வைத்து விரித்தால்தான் அந்த இரைச்சல் குறையும். வெயில் சூட்டுக்குக் கூரை லைனிங்கின் மேல் 6 அல்லது 10 மில்லிமீட்டர் ஃபோம் நல்ல பலன் தரும். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சாத மூடிய கண்ணறை ஃபோமாக இருக்க வேண்டும். மெத்தைக்குப் போடும் பஞ்சு ஃபோம் வேண்டவே வேண்டாம். இன்ஜின் மூடியின் அடிப்பக்கத்தில் தீப்பற்றாத வகையைத் தவிர வேறு எதையும் ஒட்டாதீர்கள்.

பதில் 2: பட்டறை

தம்பி, முப்பது வருடமாக டிங்கரிங் வேலை செய்கிறவன் என்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தரை விரிப்பைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரின் முனையால் தகட்டை அங்கங்கே குத்திப் பார்க்காமல் எதையும் ஒட்டக் கூடாது. சென்ற மழைக்காலத்தில் வந்த ஒரு வண்டியில், யாரோ பளபளவென்று ஒட்டியிருந்த ஷீட்டைப் பிடித்து இழுத்தேன். ஷீட்டோடு தரையும் சேர்ந்து பெயர்ந்து வந்தது, கீழே பட்டறைச் சிமெண்டுத் தரை தெரிந்தது. துருவைச் சுரண்டி, ஓட்டை இருந்தால் தகடு வைத்து வெல்டிங் செய்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளைத் தவறிக்கூட அடைத்துவிடாதீர்கள், ஏனென்றால் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற வேறு வழி கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதென்று வீட்டுக் கூரைக்குப் போடும் தார் ஷீட்டை வாங்கிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் அது இளகி வழியும், வாடையும் போகாது.

பதில் 3: பல்சக்கரம்

மேலே இருவரும் சொன்னவை சரியே. இருந்தாலும் நான் வேறு இடத்தில் தொடங்குவேன். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பாகவே ஆட்டம் அதிகம். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் ரப்பர் நைந்திருந்தால் அந்த ஆட்டம் முழுவதும் பாடிக்கு இறங்கிவிடும். இதை எந்த ஷீட்டாலும் நிறுத்த முடியாது. வண்டி நின்று இன்ஜின் ஓடும் நிலையில் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பாருங்கள். சைலன்சர் குழாயின் இணைப்புகளையும், தள்ளுகதவின் உருளைகளையும் பார்த்துவிடுங்கள். உள்ளே புகை வாடை இருந்தால், சத்தத்தை மறந்துவிட்டு முதலில் சைலன்சர் கசிவைச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் அந்தப் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்குத் தனியாக வாடை கிடையாது. வண்டி கேஸில் ஓடுவதாக இருந்தால், சிலிண்டரிலிருந்து வெளியே போகும் காற்றுக்குழாயை எதுவும் மறைக்கக் கூடாது.

கேட்டவர்: உடுமலைக்காரன் (ஐந்து வாரங்கள் கழித்து)

மூவருக்கும் நன்றி. புகை வாடை இல்லை, கேஸும் இல்லை. ஆனால் தாள் சோதனையில் இடப்பக்கம் முழுவதும் தாள் தானாக வந்துவிட்டது. மவுண்டிங் மூன்றில் ஒன்று வெடித்திருந்தது. பட்டறை அண்ணன் சொன்னபடி குத்திப் பார்த்ததில் ஓட்டுநர் காலடியில் உள்ளங்கை அளவுக்குத் துரு. வெல்டிங் செய்து மூடினோம். பிறகு பீடிங்கையும் மவுண்டிங்கையும் மாற்றி, முன்தரைக்கு மட்டும் ஃபோமும் கனத்த வினைலும் விரித்து, நான்கு கதவுகளிலும் நடுவில் ஒவ்வொரு துண்டு பியூட்டைல் ஒட்டினேன். வெல்டிங் கூலியோடு மொத்தம் 9,400 ரூபாய் ஆனது. அதே சாலையில், அதே 60 வேகத்தில், அதே கைப்பேசியில் அளந்தபோது முன்பு 79 காட்டியது இப்போது 73 டெசிபல் காட்டுகிறது. கைப்பேசி அளவைப் பெரிதாக நம்ப முடியாது என்றாலும், முன்பும் பின்பும் ஒப்பிட அது போதும் என்று நினைக்கிறேன். சூடு குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. கூரையை அடுத்த மாதம் பார்க்க வேண்டும். சென்ற வியாழக்கிழமை கிணத்துக்கடவைத் தாண்டும்போது, “ஏண்டா, வண்டியில் ஏதோ கடகடன்னு சத்தம் கேக்குதே” என்றார் அம்மா. தள்ளுகதவின் உருளைதான், இத்தனை வருடமாக இன்ஜின் இரைச்சலில் அது எங்கள் யார் காதிலும் விழவில்லை.