பழைய சீமை ஓடு, புதிய கான்கிரீட் வீடு: காட்பாடியிலிருந்து ஒரு கேள்வி

காட்பாடி ஆசிரியை:
காட்பாடியில் 1,100 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். அடுத்த மாதம் கூரைத் தளம் போட வேண்டும். நான் வளர்ந்தது வேலூர் அருகே அணைக்கட்டு என்ற ஊரில், சீமை ஓட்டு வீட்டில். கத்திரி வெயிலிலும் கூடத்தில் வெறுந்தரையில் படுத்துத் தூங்குவோம். இப்போதைய வாடகை வீட்டில் இரவு 11 மணிக்கும் மேற்குச் சுவர் சுடுகிறது. பொறியாளர் ஃபால்ஸ் சீலிங்கும் ஏசியும் போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் தெருவில் குரங்குகள் கூரை ஓடுகளை விட்டுவைப்பதில்லை, அதனால் கான்கிரீட்தான். ஆனால், உள்ளே நுழைந்தால் ஆஸ்பத்திரி நினைவு வரக் கூடாது. பிரித்த அந்தப் பழைய வீட்டின் ஓடுகள் கொல்லையில் அடுக்கியபடி இருக்கின்றன. அவற்றை விற்க அம்மா சம்மதிக்கவில்லை.

குடியாத்தம் மேஸ்திரி மகன்:
அம்மா, அந்த ஓடுகளை விற்றுவிடாதீர்கள்! தளத்துக்குள்ளேயே வைக்கலாம். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட்டுக்கு அங்கே வேலை குறைவு. அந்த இடத்தில் இரண்டிரண்டு ஓடாகக் கவிழ்த்து வைத்தால் நடுவே காற்று நிற்கும், எடையும் குறையும். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பல வீடுகளை இப்படிக் கட்டினார். அடியில் பூச வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் உங்கள் பழைய ஓட்டின் சிவப்பு தெரியும். கம்பி இடைவெளியைப் பொறியாளர் கணக்கிட்டே தர வேண்டும், மேஸ்திரியின் கண்ணளவுக்கு விடாதீர்கள். ஓட்டை நன்றாக நனைத்து வையுங்கள், இல்லையென்றால் கான்கிரீட்டின் நீரை அது குடித்துவிடும். இந்த வெயிலுக்குப் பாத்தி கட்டி 10 நாளாவது தண்ணீர் நிறுத்துங்கள்.

தளத்தின் மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போடுங்கள். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, ஜல்லி இரண்டரைப் பங்கு, 3 அங்குலக் கனம், அதன்மேல் தட்டோடு. என் அப்பா கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிக்கச் சொல்வார். கட்டை துள்ளித் திரும்பும்வரை விடமாட்டார். இன்று பலர் அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

ஆரணி வாசகி:
ஆஸ்பத்திரித் தோற்றம் பெரும்பாலும் வெள்ளை டைல்ஸால் வருவது. சிவப்பு ஆக்சைடு தரை போடுங்கள், சகோதரி. ஓர் அறையை ஒரே மூச்சில் தேய்த்து முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒட்டு தெரியும். கை பழகிய கொத்தனார் கிடைத்த பிறகு தேதி குறியுங்கள். மேற்கே ஜன்னலைச் சிறிதாக்கி, வெளியே ஒரு தாழ்வாரம் இறக்குங்கள்.

காட்பாடி ஆசிரியை:
ஐயா, நேற்று அணைக்கட்டுக்குப் போய் அம்மாவும் நானும் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். கணீரென்று ஒலித்தவை 312. கூடத்துக்கு மட்டும் போதும் என்கிறார் பொறியாளர். கம்பி வரைபடத்தை மாற்றித் தருகிறார். விரிசல் விட்டவற்றையும் அம்மா தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்.