இழப்பு, விரயம், இன்னும் பெயரில்லாத மூன்றாவது

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'ஃபுட் லாஸ்', 'ஃபுட் வேஸ்ட்' இரண்டுக்கும் தமிழ் கேட்டு நான் தொடங்கிய இழை நீண்டுகொண்டே போகிறது. எல்லா மடல்களையும் மறுபடி உட்கார்ந்து படித்தேன். முதல் மடலில் நான் சொன்ன ஒரு சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். புதிதாக ஒன்றை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இரண்டுக்கும் 'உணவு வீணாதல்' என்று ஒரே சொல் போதாதா? படிப்பவருக்குப் புரிந்தால் சரிதானே?

ஐயா, போதாது. 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 12.3 என்று எண்ணிட்டதைப் பாருங்கள். சில்லறை விற்பனையிலும் நுகர்வோரிடமும் வீணாகிற உணவைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, அதை 2030க்குள் பாதியாக்க வேண்டும் என்கிறது. விளைகிற இடத்திலிருந்து வழங்கல் சங்கிலி ('சப்ளை செயின்') நெடுக நேர்கிற இழப்பைப் பற்றியோ 'குறைக்க வேண்டும்' என்று மட்டும்தான் சொல்கிறது. பாதி என்ற அளவு அதற்கு இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு மொழிபெயர்த்தால், கடைக்கும் வீட்டுக்கும் வைத்த இலக்கை உழவர் தலையிலும் சேர்த்துக் கட்டியதாகிவிடும். நான் திருத்தக் கொடுக்கப்பட்ட ஒரு மொழிபெயர்ப்பில் இதேதான் நடந்திருந்தது. இந்த இழையைத் தொடங்கியதே அதனால்தான்.

கணக்கெடுப்பவர்களும் வேறு வேறு. இழப்பை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிடுகிறது. வீணாவதை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிடுகிறது. கடை வாசல்தான் எல்லை. அறுவடைக்குப் பிறகு கடைக்கு வந்து சேரும்வரை போவது முதல் கணக்கு; கடையிலும் உணவகத்திலும் வீட்டிலும் போவது இரண்டாவது. 2019இல் வந்த உணவு வேளாண்மை அமைப்பின் அறிக்கை முதல் கணக்கைச் சுமார் 14 விழுக்காடு என்றது. 2024இல் வந்த சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை, 2022ஆம் ஆண்டுக்கு இரண்டாவது கணக்கை 105 கோடி டன் என்றது. நுகர்வோருக்குக் கிடைக்கிற உணவில் அது 19 விழுக்காடு. அதிலும் 60 விழுக்காடு வீடுகளில் போகிறது. இந்த 14ஐயும் 19ஐயும் கூட்டி 33 என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒன்று விளைந்ததில் பங்கு, மற்றது நுகர்வோருக்கு வந்ததில் பங்கு, கூட்டவே கூடாது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் இந்தத் தவறு செய்ய இன்னும் எளிதாகிவிடும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

'உணவுக் கழிவு' வேண்டாம் என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம். கழிவு என்றால் கழித்துப் போட்ட பொருள்: தோல், கொட்டை, எலும்பு. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கில் உண்ணமுடியாத இந்தப் பகுதிகளும் சேரும், உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கில் சேராது. ஆகவே கழிவு என்ற சொல்லை, குப்பைத்தொட்டியில் கிடக்கிற பொருளைச் சுட்டுவதற்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது. உரக்குழி, எரிவாயு பற்றி எழுதும்போது அது அப்படியே தேவைப்படும்.

இப்போது நான் திரும்பப் பெறுவது. இழப்பு, விரயம் இரண்டையும் அடக்கிய பொதுச்சொல்லாக 'உணவுச் சேதாரம்' என்று முதல் மடலில் எழுதியிருந்தேன். நகைத் தொழிலில் எல்லோர் வாயிலும் இருக்கிற சொல், யாரையும் குற்றம் சொல்லாத சொல் என்று பிடித்துப்போயிருந்தது. அதற்கு வந்த மறுப்பு என்னை மாற்றிவிட்டது. சேதாரம் என்பது வேலை செய்தால் போகத்தான் செய்யும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, விலையிலும் சேர்த்துவிட்ட இழப்பு. அந்தச் சொல்லை எடுத்தால், உணவு போவதும் தொழிலோடு வருவதுதான் என்று சொல்லாமலே சொல்லிவிடுவோம். குறைக்க வேண்டிய ஒன்றுக்கு 'இது இயல்பு' என்ற பெயரை வைப்பது தவறு. சுட்டிக்காட்டிய அம்மாவுக்கு நன்றி. பொதுச்சொல்லே தேவையில்லை, 'உணவு இழப்பும் விரயமும்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வோம். செப்டம்பர் 29ஐ ஐ.நா. இதற்கான விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறது; அங்கேயும் இரண்டு சொல்லும் பெயரிலேயே நிற்கின்றன.

> 'வீணடிப்பு' நல்ல தமிழாக இருக்க, 'விரயம்' ஏன்?

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. வீணடிப்பு பிறவினை. யாரோ வீணடித்தார் என்று அந்தச் சொல்லே கை நீட்டிவிடுகிறது. நுகர்வோர் நடத்தை பற்றிய ஆய்வில் இது வெறும் நயம் பற்றிய பேச்சு இல்லை, அளவையே கெடுக்கிற விஷயம். ஆளைக் கேட்டு எழுதிய கணக்கும், குப்பைத்தொட்டியைப் பிரித்து நிறுத்துப் பார்த்த கணக்கும் ஒத்துப்போவதில்லை. கேட்டு எழுதியது பெரும்பாலும் குறைவாகவே வரும். வீட்டில் நாட்குறிப்பு எழுதச் சொன்னாலும் அதே கதைதான். கேட்கிற சொல்லே குற்றம் சாட்டினால் கேட்கவா வேண்டும்?

ஒரு வினாத்தாளை மொழிபெயர்த்து நான்கைந்து பேரிடம் வாசித்துப் பார்த்தபோது நேரிலேயே கண்டேன். "ஒரு வாரத்தில் எவ்வளவு உணவை வீணடிக்கிறீர்கள்?" என்றதும் ஒரு பெண்மணி, "எங்கள் வீட்டில் வீணடிக்கிற பழக்கமே இல்லை" என்றார், முகம் சற்று இறுகியது. அடுத்த கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "நேற்று எது மீந்தது? அதை என்ன செய்தீர்கள்?" அவர் உடனே விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்று இரவே காலியானது, ஒன்று குளிர்பெட்டியில் இருக்கிறது, இன்னொன்றைக் காலையில் முகர்ந்து பார்த்துக் கொட்டிவிட்டார். முதல் பதில் பொய் இல்லை. கொட்டியதை அவர் வீணடித்ததாக நினைக்கவில்லை, கெட்டுப்போனதாகத்தான் நினைத்தார்.

அதனால் என் கருத்து: கட்டுரையிலும் அறிக்கையிலும் 'உணவு விரயம்'. விரயமானது என்றும் சொல்லலாம், விரயமாக்கினார் என்றும் சொல்லலாம். பெயர்ச்சொல் மட்டும் யார் பக்கமும் சாயாமல் நிற்கிறது. வடசொல் என்ற மறுப்பு எனக்குத் தெரியும். 'வீணாதல்' அந்த வேலையைச் செய்தால் மகிழ்ச்சியாக ஏற்பேன். ஆனால் 'உணவு வீணாதல் குறியீட்டெண்' என்று அடுக்கும்போது நடுவில் தொழிற்பெயர் தடுக்குகிறது. 'உணவு விரயக் குறியீட்டெண்' வாயில் நிற்கிறது. வினாத்தாளில் இவை எதுவுமே வேண்டாம். மீந்தது, கெட்டது, கொட்டியது என்று நடந்ததைக் கேட்டால் போதும்.

'இழப்பு' என்பதை யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. ஆனால் உழவரிடம் அந்தச் சொல்லோடு போனபோது வேறொன்று தெரிந்தது. "போன பருவத்தில் இழப்பு எவ்வளவு?" என்று ஒருவரைக் கேட்டேன். "இழப்பே இல்லை, கையைக் கடிக்கவில்லை" என்றார். பேச்சு வேறு பக்கம் போய்த் திரும்பியபோதுதான், நிலத்தின் ஒரு மூலையை அறுக்காமல் அப்படியே விட்டு, பிறகு மடக்கி உழுததைச் சொன்னார். நான் எடையைக் கேட்டேன், அவர் பணத்தைச் சொன்னார். இழப்பு என்றால் அவர் காதில் நட்டம். அறுக்க ஆள்கூலியும் ஏற்றிப்போக வண்டிக்கூலியும் கொடுத்திருந்தால்தான் அவருக்கு நட்டம் வந்திருக்கும். விட்டதால் தப்பித்தார். மண்ணுக்குப் போனது மண்ணுக்குத்தானே என்ற நிறைவும் அவருக்கு இருந்தது. உழவர் மனப்பான்மை பற்றிய ஆய்வுகளில் இந்த எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. அதை அறியாமை என்று எழுதுவது பெரிய தவறு.

இப்படி நிலத்தில் விட்டதை நம் இரண்டு சொல்லில் எதில் போடுவது? எதிலும் போட முடியாது. இழப்புக் கணக்கு அறுவடைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. விரயக் கணக்கு கடையில் தொடங்குகிறது. விளைந்து நின்று அறுக்கப்படாதது இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. இது சின்ன விஷயமும் இல்லை. 2021இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, அறுவடை நேரத்திலும் அதையொட்டியும் பண்ணைகளிலேயே போகிற உணவைச் சுமார் 120 கோடி டன் என்று மதிப்பிட்டது. வாங்குகிறவர் அளவும் நிறமும் பார்த்துத் தள்ளுவதால் விடுவதுண்டு. கடைசி நேரத்தில் கொள்முதலைக் குறைப்பதால் விடுவதுண்டு. ஒப்பந்த அளவு தட்டிவிடக் கூடாதே என்று கூடுதலாகப் பயிரிட்டு, மிஞ்சியதை விடுவதுண்டு. முடிவு உழவர் எடுத்ததுபோலத் தெரியும், காரணம் சங்கிலியின் மறுமுனையில் இருக்கும். பெயர் இல்லாததால் இது அந்த இரண்டு கணக்கிலும் ஏறுவதில்லை.

இதற்கு நான் முன்வைக்கும் சொல்: விடுவிளைச்சல்.

குடிநீர் மாதிரி வினைத்தொகை. குடித்த நீர், குடிக்கிற நீர், குடிக்கும் நீர் எல்லாம் குடிநீருக்குள் அடங்குகின்றன; குடிப்பவர் யார் என்று அந்தச் சொல் கேட்பதே இல்லை. அதுபோல விட்ட, விடுகிற, விடும் விளைச்சல் எல்லாமே விடுவிளைச்சல். விட்டது யார், விடவைத்தது யார் என்பதை ஆய்வு சொல்லட்டும், பெயர் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். 'அறுவடை செய்யப்படாத பயிர்' என்று விரித்து எழுதலாம்தான். ஆனால் வெள்ளத்தில் அழுகியதும் பூச்சி தின்றதும்கூட அறுவடை செய்யப்படாத பயிர்தானே. விடுவிளைச்சல் என்றால், உண்ணும் நிலையில் விளைந்து நின்று, எடுக்காமல் விடப்பட்டது மட்டும்.

> 'விடு' என்றதும் விடுமுறை, விடுதலை, விடுகதை எல்லாம் நினைவுக்கு வருகின்றனவே?

வரும். ஆனால் 'விளைச்சல்' பின்னால் வந்ததும் வேறு பொருளுக்கு இடமில்லை. ஒருவர் தனிமடலில் 'கைவிட்ட விளைச்சல்' என்று எழுதியிருந்தார். அதில் உழவர் அலட்சியமாக விட்டுவிட்டுப் போனதுபோல ஒரு சாயல் வருகிறது, அதனால் எனக்கு உடன்பாடில்லை. 'எஞ்சுவிளைச்சல்' என்பதும் வந்தது. எஞ்சியது என்றால் எல்லாம் எடுத்தபின் மிச்சம் என்றாகும்; சில சமயம் முழு வயலையே விட்டுவிடுகிறார்களே.

'சப்ளை செயின்' பற்றி ஒரு வரி. விநியோகம் என்பது பகிர்ந்து கொடுக்கிற பாதியை மட்டும் சுட்டுகிறது, கொள்முதலும் சேமிப்பும் வெளியே போய்விடுகின்றன. இலங்கை நண்பர்கள் பாடநூலில் படித்த 'நிரம்பல்' அவர்களுக்குப் பழகியது, மற்றவர்களுக்குப் புதிது. 'வழங்கல் சங்கிலி' இரு பக்கமும் புரிகிறது, நான் அதையே எழுதுகிறேன். இதற்குத் தனி இழை தொடங்குவோர் தொடங்கலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் உழவர்களோடு அன்றாடம் பேசுகிறவர்கள். அடுத்த முறை பேசும்போது இந்த மூன்று கேள்விகளை, இதே வரிசையில் கேட்டுப் பாருங்கள்: "போன பருவத்தில் இழப்பு எவ்வளவு?" "எடுக்காமல் விட்டது உண்டா?" "விடுவிளைச்சல் எவ்வளவு இருந்தது?" மூன்றாவது கேள்விக்கு அவர் 'அப்படி என்றால்?' என்று திருப்பிக் கேட்டாரா, கேட்காமலே பதில் சொன்னாரா என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். அவர்களே வேறு சொல் சொன்னால் அதை அப்படியே, ஒலி மாறாமல் எழுதுங்கள். அது விடுவிளைச்சலைவிட நன்றாக இருந்தால் நான் இதை விட்டுவிடுவேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்